கேட்டிருந்தால் கேட்டிருக்கும்!

ஒரு பழைய ஸ்டீரியோ ட்யூனர், ஒரு திருப்புளி, ஓர் அதிகப்பிரசங்கி... அந்த மூன்றாவது ஆசாமி அடியேன்தான்!

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கும் இன்னொரு குட்டித் தூக்கத்துக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தபோது செங்கல்பட்டிலிருந்து பெரியம்மா போன்.

"டேய், பெரியப்பாவோட ரேடியோ பேசமாட்டேங்குதுடா. மூணு நாளாச்சு. மனுஷன் சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறார். நீதான் ரிப்பேரெல்லாம் பார்ப்பியே... கொஞ்சம் வந்து பாரேன்."

'ரிப்பேரெல்லாம் பார்ப்பியே' என்று பெரியம்மா சொன்னதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. நான் படித்தது பி.காம். வேலை, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் அக்கவுன்ட்ஸ் செக்ஷன். ஒரு தடவை மேனேஜர் ரூம் காலிங் பெல் வேலை செய்யாமல் போனபோது, ஒயரை இழுத்துச் சொருகிச் சரிசெய்தேன். விஷயம் சொந்தக்காரர்களிடம் பரவுவதற்குள், நான் ஏதோ ராக்கெட்டையே ரிப்பேர் பார்த்தவன் என்று ஆகிவிட்டது. நானும் மறுக்கவில்லை. அதுதான் தப்பு.

"செல்போன்ல ரேடியோ போட்டுக் குடுத்துட்டா போச்சு. இதுக்குப் போய் செங்கல்பட்டு வரைக்கும் போகணுமா?" என்றாள் என் சகதர்மிணி.

அது முடியாது. பெரியப்பாவுக்கு வயசு 81. க்ளாகோமாவில் இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஆறு வருஷமாகிறது. பெங்களூரில் இருக்கும் அவர் மகன் ஒரு செல்போனை வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். வழவழவென்று ஒரே கண்ணாடி. எங்கே தொட்டால் என்ன வரும் என்று விரலுக்குத் தெரியாது. செய்தி கேட்கப் போய் யார் யாருக்கோ போன் போட்டுவிட்டார். ஆனால் அந்தப் பழைய பெட்டியில் ஒரு பெரிய அலுமினியக் குமிழ் இருக்கிறது. உள்ளே அதோடு சேர்த்து ஒரு கனத்த சக்கரம். ஒரு சுண்டு சுண்டினால் வெண்ணெய் மாதிரி ஓடும். இடது கோடியிலிருந்து எத்தனை சுற்றில் சூரியன், எத்தனை சுற்றில் மிர்ச்சி, எங்கே நிறுத்தினால் ரெயின்போ என்பதெல்லாம் அவர் விரலுக்கு மனப்பாடம். அவருடைய பேப்பர், பாட்டு, பேச்சுத்துணை எல்லாமே அதுதான்.

அதனால் போனேன்.

ரேடியோவில் பாதி!

முதலில், ட்யூனர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரேடியோ மாதிரி இருக்கும். ஆனால் ஸ்பீக்கர் இருக்காது. பெரியப்பா இதைக் கொண்டுவந்து இறக்கிய நாளில் பக்கத்து வீட்டுக்காரர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கரையே காணோமே சார்... நல்லா ஏமாத்தி அனுப்பிட்டாங்க போலிருக்கே!" என்று வருத்தப்பட்டாராம்.

ஆபீஸ் பாஷையில் சொன்னால் ட்யூனர் என்பது தபால் செக்ஷன். காற்றில் வருகிற ஆயிரம் கடிதங்களில் நமக்கு வேண்டியதைப் பொறுக்கி, உறையைப் பிரித்து, உரிய மேஜைக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. சத்தத்தைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயரின் இலாகா. அதைக் காதுக்குக் கொண்டுவருவது ஸ்பீக்கரின் இலாகா.

எழுபதுகளில் ஜப்பான் கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டுக்கொண்டு இந்த ட்யூனர்களைச் செய்தன. பளபளவென்று அலுமினிய முகப்பு, நீளமான டயல், உள்ளே மங்கலான விளக்கு வெளிச்சம், முள் ஆடும் இரண்டு மீட்டர்கள். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பை ஆல் இந்தியா ரேடியோ 1977 ஜூலை 23 அன்று ஆரம்பித்தது. எங்கே தெரியுமோ? நம்ம மெட்ராஸில்! அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த பெரியப்பா காதுக்கும் இந்த சேதி எட்டியது. 1979-இல் ஊர் திரும்பும்போது எல்லோரும் சென்ட் பாட்டிலும் நைலக்ஸ் புடவையும் வாங்கிக்கொண்டு வர, இவர் ஒரு ட்யூனர், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்களோடு வந்து இறங்கினார். பெரியம்மா ஒரு மாசம் பேசவில்லை என்பது தனிக்கதை.

நான் போனபோது பெட்டியில் டயல் விளக்கு எரிந்தது. மீட்டர் முள் ஆடாமல் படுத்திருந்தது. சத்தம்? சுத்தமாக இல்லை. 'உஸ்' என்ற இரைச்சல்கூட இல்லை. பின்னால் ஆன்டெனா ஒயர் ஒழுங்காகச் சொருகி, ஜன்னல் வழியாக மொட்டை மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டேய், அந்த ஒயரு..." என்று பெரியப்பா ஏதோ ஆரம்பித்தார்.

"எல்லாம் நான் பாத்துக்கறேன் பெரியப்பா. நீங்க நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டு, ட்யூனரை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஏறினேன்.

திருப்புளி புராணம்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஓர் ஊரே இருந்தது. தூசி, ஒரு கரப்பான்பூச்சியின் வெளி ஓடு, எண்ணற்ற சின்னச் சின்ன பாகங்கள். அவற்றுக்கு நடுவில் வெள்ளித் தகட்டில் செய்த குட்டி டப்பாக்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு திருகு. அதன்மேல் மெழுகு மாதிரி ஏதோ அழுக்கு.

கவனியுங்கள்... 'அழுக்கு' என்று நினைத்தேன்!

திருகைத் தொட்டால் லேசாக அசைந்தது. 'ஆஹா, நாற்பது வருஷத்தில் ஸ்க்ரூவெல்லாம் லூஸாகிவிட்டது! கண்டுபிடித்துவிட்டோம்!' என்று துள்ளினேன். மெழுகைச் சுரண்டினேன். மூன்று டப்பாக்களின் திருகுகளையும் கெட்டியாக, இரும்புத் திருப்புளியால், முடிகிற வரை முறுக்கினேன். மூன்றாவதில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கெட்டியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு துண்டு ஒயரை ஆன்டெனாவாக மாட்டி, பக்கத்து வீட்டுப் பையனின் ஆம்ப்ளிஃபயரைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தால்... சத்தம் வந்தது! எப்படி? மிக்ஸியில் போட்டு அரைத்த மாதிரி. செய்தி வாசிக்கிறவர் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டே வாசித்தார். போதாக்குறைக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் ஹம்மிங்.

"போகும்போது வெறும் ஊமையா இருந்துது. இப்ப திக்குவாயும் சேர்ந்துடுச்சா?" என்றாள் சகதர்மிணி.

என்ன பண்ணினே?

மறுநாள் அரை நாள் லீவ் போட்டுவிட்டு மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட். செல்போன் கவர் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் கடைகளுக்கும் நடுவே ஒரு மாடிப்படி. அதன் அடியில் ஒரு மேஜை போடுகிற அளவு இடம். அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய செட் என்றால் அவரிடம்தான் போகவேண்டும் என்று ஆபீஸ் ப்யூன் அடித்துச் சொல்லியிருந்தார்.

பெரியவர் ட்யூனரின் முகப்பை ஒரு தடவை தடவிப் பார்த்தார். 'என்ன ஆச்சு?' என்று கேட்கவில்லை.

"என்ன பண்ணினே தம்பி?" என்றார்.

மெழுகு, திருகு, நறுக் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ இறந்த செய்தி கேட்ட மாதிரி இருந்தது.

"தம்பி, அது ஸ்க்ரூ இல்லே. ஃபெரைட் கோர். உள்ளே காயில் இருக்கு. கோர் கீழே இறங்கினா ஒரு ஸ்ருதி, மேலே ஏறினா ஒரு ஸ்ருதி. ஃபாக்டரியிலே ஒருத்தன் மீட்டர் வெச்சு, கால் சுத்து, அரைக்கால் சுத்துன்னு திருப்பி சரியா நிறுத்தி, இனிமே யாரும் தொடக்கூடாதுன்னு மெழுகு வெச்சு சீல் பண்ணினான். நீ அந்த சீலை உடைச்சு, வீணையிலே எல்லாக் கம்பியையும் முறுக்கு முறுக்குன்னு முறுக்கிட்டு, 'பாட்டு நல்லா இல்லையே'ங்கறே."

"ஸாரி ஐயா... கெட்டுப் போச்சா?"

"பார்ப்போம். 'பழுது பார்க்கறது'ன்னுதானே சொல்றோம்? பழுது 'செய்யறது'ன்னா சொல்றோம்? முதல்லே பார்க்கணும். கையை வைக்கறது கடைசி."

அப்புறம் சில கேள்விகள் கேட்டார். விளக்கு எரிந்ததா? மீட்டர் முள் ஆடியதா? இரைச்சல் இருந்ததா, சுத்த மௌனமா? ஆன்டெனா இருக்கிறதா? எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார். ஆன்டெனா கேள்விக்கு, "இருக்குங்க ஐயா, நானே பார்த்தேன்" என்று அழுத்தமாகச் சொன்னேன்.

"இங்கே கொண்டுவர்றதுக்கு முந்தி ம்யூட்டிங் எப்படி இருந்துது?"

"அப்படின்னா?"

பெரியவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அதையும் டைரியில் எழுதிக்கொண்டார்.

குண்டு பல்பு சொல்லும் உண்மை

அதற்கப்புறம் இரண்டு வாரம், ஆபீஸ் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். பெரியவர் வேலை செய்த வரிசையே ஒரு பாடம்.

முதல் நாள் கரன்ட்டே கொடுக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். கருகல் வாசனை இருக்கிறதா, கண்டென்ஸர் எதுவும் தலை உப்பியிருக்கிறதா, டயல் நூல் சக்கரத்திலிருந்து நழுவியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார். ஆனால் 'கேங்' என்கிற டியூனிங் கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளைத் தொடவே இல்லை. "ஒரு தகடு வளைஞ்சா டயல்லே நம்பர் ஒண்ணு, ஸ்டேஷன் ஒண்ணுன்னு ஆயிடும்."

பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் பித்தானைப் பார்த்தார். 220-லேயே இருந்தது. "இதைப் பார்க்காம எத்தனை பேர் செட்டை எரிச்சிருக்கான் தெரியுமா?" என்றார். ஜப்பானில் வீட்டுக்கு வருவது 100 வோல்ட். அந்த ஊர் மக்களுக்காகச் செய்த செட்டைக் கொண்டுவந்து நம்முடைய 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும். அது மட்டுமில்லை. ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து ஜப்பான் உள்ளூர் செட்களில் டயல் 90-லேயே முடிந்துவிடும். நம் ஊரில் 93.5, 98.3, 101.4 என்று பாடுகிற எதுவும் அதில் வராது. பழைய ட்யூனர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர்கள் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

அடுத்தது 'சீரீஸ் பல்பு'. அறுபது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை கரன்ட் லைனில் குறுக்கே போட்டு, அதன் வழியாகத்தான் செட்டுக்கு சப்ளை கொடுத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், செட் தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு தடவை மின்னிவிட்டு மங்கிவிடும். எங்கள் பல்பு மின்னி மங்கியது. என் உயிர் திரும்பி வந்தது.

ஹம்மிங்குக்குக் காரணம் பவர் சப்ளையில் இருந்த பெரிய கண்டென்ஸர்கள். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிய பிறகு அதில் மேடும் பள்ளமும் இருக்கும். அதை நிரவுவதுதான் அவற்றின் வேலை. வருஷக்கணக்கில் சூட்டில் இருந்து உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் மேடு பள்ளம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய் 'ம்ம்ம்' என்கிறது. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கொஞ்சம் அதிக வோல்ட், 105 டிகிரி தாங்கும் ரகம் என்று பார்த்து வாங்கி மாற்றினார். ப்ளஸ், மைனஸ் மாறக்கூடாது, மாறினால் வெடிக்கும். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்த்தார். "பத்தை ஒண்ணா மாத்திட்டு வேலை செய்யலேன்னா, எதனாலேன்னு எப்படித் தெரியும்?" அக்கவுன்ட்ஸில் டேலி ஆகாதபோது எங்கள் சூப்பரின்டென்டென்ட் சொல்வதும் இதையேதான்.

இடது பக்கம் கரகரவென்றது. பார்ட்ஸ் போய்விட்டதோ என்று பயந்தேன். அதுவும் இல்லை. ஸ்டீரியோ-மோனோ ஸ்விட்சின் உள்ளே வெள்ளிப் பூச்சு கறுத்துப் போயிருந்தது. கான்டாக்ட் கிளீனர் ஒரே ஒரு சொட்டு. ஸ்விட்சை இருபது தடவை முன்னும் பின்னும் தள்ளினார். கரகரப்பு போயே போச்சு.

நறுக் என்ற அந்தக் காயில்

பிறகு வந்தது என் கைங்கரியம். மூன்றாவது டப்பாவில் கோர் விரிந்து, உள்ளேயே சிக்கியிருந்தது. பெரியவர் பரண்மேல் ஒரு கோணிப்பையைக் கவிழ்த்து, செத்துப்போன செட்களின் போர்டுகளை ஒரு மணி நேரம் துழாவி, அதே மாதிரி 10.7 மெகாஹெர்ட்ஸ் காயில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது என்ன 10.7? நீங்கள் எந்த ஸ்டேஷனை வைத்தாலும், ட்யூனர் அதை முதலில் இந்த ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும். வடிகட்டுவது, பெரிதாக்குவது எல்லாம் அங்கேதான். உலகத்தில் பெரும்பாலான எஃப்.எம். செட்களுக்கு இதே 10.7தான். அதனால்தான் கோணிப்பையில் மாற்று கிடைத்தது.

ஸ்ருதி சேர்ப்பதற்குப் பெரியவர் எடுத்தது இரும்புத் திருப்புளி இல்லை, பிளாஸ்டிக் குச்சி. இரும்பு கிட்டே வந்தாலே காயிலின் குணம் மாறிவிடும். எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். கூடவே கோரையும் உடைக்கும் (நறுக்!). பலவீனமாக வரும் ஸ்டேஷன் ஒன்றை வைத்து, சிக்னல் மீட்டர் முள் உச்சிக்குப் போகும்வரை அரைக்கால் சுற்றாகத் திருப்பினார். பிறகு ஸ்டேஷனே இல்லாத இடத்துக்குப் போய், வெறும் இரைச்சலில், 'சென்டர்' மீட்டரின் முள் நட்டநடுவில் நிற்கும்படி டிடெக்டர் காயிலைத் திருப்பினார். தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்த செய்தி வாசிப்பாளர் கரையேறி, தலை துவட்டிக்கொண்டு, தெளிவாகப் பேச ஆரம்பித்தார்!

ஆனால் ஒன்று பாக்கி. ஸ்டீரியோ வந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை.

கூட்டல், கழித்தல்

இங்கே ஒரு சின்ன கணக்கு. இடது, வலது என்று இரண்டு சத்தத்தை ஒரே ஸ்டேஷன் எப்படி அனுப்புகிறது? இரண்டையும் கூட்டி ஒன்று, கழித்து ஒன்று என்று அனுப்புகிறது. கூட்டல் 100, கழித்தல் 20 என்றால் இடது 60, வலது 40. எங்கள் ஆபீஸ் ட்ரெயினிகூட சொல்லிவிடுவான். சாதாரண மோனோ ரேடியோ கூட்டலை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடைந்துவிடும். ஸ்டீரியோ ட்யூனர் கழித்தலையும் எடுத்து, கணக்குப் போட்டு இரண்டாகப் பிரிக்கும். கழித்தல் நம் காதுக்கு எட்டாத உயரத்தில், 38 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, ஒளிந்துகொண்டு வருகிறது. 'நான் ஸ்டீரியோ' என்று அடையாளம் சொல்ல, 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய விசில் கூடவே வருகிறது. அதற்குப் பெயர் பைலட். அமெரிக்காவில் 1961-இல் ஒப்புதல் பெற்ற இந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் நம் எஃப்.எம். ஸ்டேஷன்களில் ஓடுகிறது.

ட்யூனருக்குள் இருக்கும் ஒரு ஐ.சி. தானும் ஒரு தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தாளமும் பைலட்டும் ஒத்துப்போனால் சிவப்பு விளக்கு எரியும். நாற்பது வருஷத்தில் தாளம் நழுவிவிட்டது. பெரியவர் ஒரு சின்ன ப்ரீஸெட்டை மெதுவாகத் திருப்பினார். ஓரிடத்தில் விளக்கு எரிந்தது. இன்னும் திருப்பினார், அணைந்தது. எரிந்த இடத்துக்கும் அணைந்த இடத்துக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவுதான்!

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எஃப்.எம்.மைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றிப் படித்தேன். இடி இடித்தாலும் கரகரக்காத ரேடியோ வேண்டும் என்று உழைத்து, 1933-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர். பெரிய கம்பெனிகளோடு வருஷக்கணக்கில் வழக்காடி, கையில் காசு கரைந்து, 1954-இல் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி விடாமல் வழக்கை நடத்தினார். 1967-இல் கடைசி வழக்கிலும் ஜெயித்தார். நாம் பஸ்ஸில் பொழுதுபோகாமல் கேட்கிற பாட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பெரியவர் தந்த பட்டியல்

கடைசி நாள் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "மூடியைத் திறக்கறதுக்கு முந்தி இதையெல்லாம் பாரு" என்று வரிசையாகச் சொன்னார். நானும் நல்ல பிள்ளையாக டைரியில் எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் பயன்படும்:

1. ஆம்ப்ளிஃபயரில் 'ட்யூனர்' என்ற இடத்தில்தான் குமிழ் இருக்கிறதா? 'டேப்'பில் வைத்துவிட்டு ட்யூனரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

2. ட்யூனரில் 'அவுட்புட் லெவல்' குமிழ் இருந்தால், யாராவது துடைக்கும்போது பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டார்களா?

3. ஒரு பக்கம் மட்டும் சத்தம் இல்லையா? ட்யூனருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் போகும் இரண்டு ஒயர்களையும், ட்யூனர் பக்கத்து முனையில் மட்டும், இடம் மாற்றிச் சொருகுங்கள். ஊமைப் பக்கம் மாறினால் கோளாறு ட்யூனரில். மாறாவிட்டால் ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ.

4. சுத்த மௌனமா? 'ம்யூட்டிங்' ஸ்விட்சை அணையுங்கள். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் இரைச்சல் வரக்கூடாது என்று வாயைப் பொத்தும் வசதி அது. சிக்னல் பலவீனமானால் ஸ்டேஷன் வாயையும் சேர்த்துப் பொத்திவிடும். அணைத்ததும் 'உஸ்' என்று கேட்டால் பெட்டி உயிரோடு இருக்கிறது, ஆன்டெனாவைப் பாருங்கள்.

5. ஸ்டீரியோவில் இரைச்சல், மோனோவில் தெளிவு என்றால் பழுது இல்லை. சிக்னல் போதவில்லை. ஆன்டெனாவை உயர்த்துங்கள். சுமார் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 'டி' மாதிரி கட்டிய ரிப்பன் ஒயரே பல வீடுகளுக்குப் போதும்.

6. மூடியைத் திறப்பதானால் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வரை 230 வோல்ட் வந்து நிற்கும்.

7. கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுங்கள். டயல் நூல் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று என்பது அறுந்த பிறகு கடவுளுக்கும் தெரியாது.

8. மெழுகு வைத்த எதையும் தொடாதே! (இது எனக்காகவே சொன்னது.)

மறுபடியும் மௌனம்

சனிக்கிழமை மாலை செங்கல்பட்டு. பெரியப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி காத்திருந்தார். ஒயர்களை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். டயல் விளக்கு எரிந்தது. பெரியப்பாவின் கை குமிழைத் தேடிப் பிடித்துச் சுண்டியது.

மௌனம்.

எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வாரம், ஆயிரத்து எண்ணூறு ரூபாய், அரை நாள் லீவ்! ரயிலில் ஏதாவது ஆட்டம் கண்டுவிட்டதா? கை தானாகத் திருப்புளிப் பக்கம் போனது. அப்போதுதான் டைரி ஞாபகம் வந்தது. நாலாவது ஐட்டம். ம்யூட்டிங் ஸ்விட்சைத் தள்ளினேன்.

'உஸ்ஸ்ஸ்...'

பெட்டிக்கு உயிர் இருக்கிறது. அப்படியானால் ஆன்டெனா...

"மாடியிலே ஒயரை மாட்டினியாடா?" என்றார் பெரியப்பா நிதானமாக.

"எந்த ஒயர்?"

"மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தான். ஆன்டெனா மேலே சுண்ணாம்பு படக்கூடாதுன்னு நான்தான் ஒயரைக் கழட்டச் சொன்னேன். மறுநாள்லேருந்து ரேடியோ பேசலே. 'திருப்பி மாட்டினானா, பாரு'ன்னு உங்க பெரியம்மாகிட்டே சொன்னேன். 'பையன் வந்து எல்லாம் பார்ப்பான், நீங்க பேசாம இருங்க'ன்னுட்டா. நீ வந்தே. உன்கிட்டேயும் சொல்ல வந்தேன். 'நான் பாத்துக்கறேன்'னுட்டே. கண்ணு தெரியாதவன் பேச்சை யாருடா கேக்கறா?"

பெரியம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார். எனக்குப் போவதற்கு இடமில்லை.

மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒயர் சுருண்டு கிடந்தது. ஆன்டெனாவில் இரண்டு ஸ்க்ரூ. இந்த இரண்டும் நிஜமாகவே ஸ்க்ரூதான்! அடியில் செம்பு முனைகளை வைத்து முறுக்கினேன். முறுக்கி முடிப்பதற்குள் கீழேயிருந்து பாட்டு மாடி வரை வந்தது.

இறங்கி வந்தபோது பெரியப்பா இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை குமிழ்மேல்.

"இடது பக்கம் கரகரப்பு போயிடுச்சே. ஹம்மிங்கும் இல்லே. ரெண்டு வருஷமா இருந்துதுடா அது."

"ஏன் பெரியப்பா சொல்லவே இல்லை?"

"யாரும் கேக்கலையே" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு, "சிவப்பு விளக்கு எரியுதா?"

"எரியுது பெரியப்பா."

"எரியும். சத்தம் அகலமாயிருக்கு பாரு."

திரும்பும்போது மின்சார ரயிலில் டைரியை எடுத்து, பெரியவர் தந்த பட்டியலில் ஒன்றாம் நம்பருக்கு மேலே இடம் பண்ணி, பூஜ்யம் என்று போட்டு எழுதினேன்: 'செட்டைத் தொடுவதற்கு முன், அதை தினமும் கேட்கிறவரைக் கேள்.'

வீட்டுக்கு வந்து சகதர்மிணியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"இதைத்தானே கல்யாணமான நாளா நான் சொல்லிட்டிருக்கேன்? நீங்க எங்கே கேட்டீங்க?"